சம்மதக் கடிதத்தில் இருந்த ஒரே நிஜம்

ஞாயிறு, மாலை 4.10.

"இது ஒரிஜினல் இல்லம்மா," என்றாள் ஜெராக்ஸ் அக்கா.

தாளை அவள் இன்னும் மெஷின் கண்ணாடிமேல் வைக்கக்கூட இல்லை. வாங்கினாள், கட்டைவிரலால் பின்பக்கத்தைத் தடவினாள், சொல்லிவிட்டாள். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கடையில் நகல் எடுக்கிறவள். பிறப்புச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், இரண்டுக்கும் நடுவில் மனிதன் அலைந்து திரிந்து வாங்குகிற அத்தனை சான்றிதழும் அவள் விரலைத் தாண்டித்தான் போயிருக்கின்றன. கண்ணைக் கட்டிவிட்டு ஒரு தாளைக் கையில் கொடுத்தால் அது எந்த ஆபீஸ் தாள், எத்தனை மடிப்பு கண்டது, கொண்டுவந்தவர் வீட்டில் சண்டையா சமாதானமா என்பதுவரை சொல்லிவிடுவாள் என்று அந்தத் தெருவில் பேச்சு. கொஞ்சம் கூட்டிச் சொல்வதுதான். ரொம்பக் கூட்டவில்லை.

எதிரே நின்ற பெண் சிரிக்க முயன்றாள். முடியவில்லை.

"விளையாடாதீங்கக்கா. பீரோல வச்சுப் பூட்டிச் சாவிய இடுப்புலயே வச்சிருந்தேன்."

பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்த அவளுடைய ஆறு வயது மகள் தலையைக் கொஞ்சம் சாய்த்து வலது கண்ணால் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். வீட்டில் அவளுக்குப் பட்டாணி என்று பெயர். இடது கண்ணுக்குப் பின்னால் ஒரு கட்டி. பயப்படுகிற ரகம் இல்லை, ஆனால் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. அதை எடுக்கத் தெரிந்த மருத்துவர் வேறு நாட்டில் இருந்தார். புதன்கிழமை காலை ஆபரேஷன். அதை விட்டால் அவருக்கு அடுத்து ஒழிகிற நாள் நாலு மாதம் கழித்து. இங்கே உள்ள கண் டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்: அந்தக் கண்ணுக்கு மாதக் கணக்கு இல்லை, வாரக் கணக்குதான்.

விமானம் திங்கள் காலை 9.40க்கு. பெற்றோரில் ஒருவர் மட்டும் குழந்தையை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போனால் மற்றவரின் சம்மதக் கடிதம் வேண்டும். நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்ட அசல் வேண்டும். நகலைக் காட்டினால் கவுன்ட்டரிலிருந்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கையெழுத்துப் போட்ட அப்பா கப்பல் எஞ்சினியர். அவர் கப்பலேறி ஐந்து நாள் ஆயிற்று.

அக்கா தாளை மேஜைமேல் விரித்தாள். பார்வைக்குக் குறையே சொல்ல முடியாது. அப்பாவின் கையெழுத்து கறுப்பு மையில். நோட்டரியின் கையெழுத்து பச்சை மையில். அந்த நோட்டரிக்கு ஊற்றுப் பேனாதான் பேனா. பால்பாயின்ட்டோடு வருகிறவர்களைக் கத்தியோடு வந்தவர்களைப் போலப் பார்ப்பார். கையெழுத்துகளுக்கு நடுவே ஊதா நிற வட்ட முத்திரை. மேலே வலது மூலையில் நீல நிறத்தில் பதிவு எண், 4183.

"இங்க தடவிப் பாரு," என்றாள் அக்கா. "நோட்டரி ஒரு இரும்பு மெஷின்ல தாள வச்சு நசுக்குவாரு. தாளே புடைச்சுக்கிட்டு நிக்கும். இதுல புடைப்பு மாதிரி நிழல் தெரியுது, விரலுக்கு ஒண்ணும் தெரியல. இது கலர் காப்பி."

தாள் புரட்ட வைத்திருந்த ஈர ஸ்பாஞ்சில் ஆள்காட்டி விரலைத் தொட்டு, கையெழுத்து, முத்திரை, எண் என்று தாள் முழுக்க ஒரு சுற்று இழுத்தாள். உடனே விரலை உற்றுப் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தாள்.

"ஆன்ட்டி, உங்க விரல் நீலமாயிடுச்சு," என்றாள் பட்டாணி.

"ஆமாண்டி கண்ணு," என்று அவள் விரலைத் துணியில் துடைத்துக்கொண்டாள். அம்மாவுக்கு அது காதில் ஏறவே இல்லை. அவள் முகத்தில் வேறொன்று ஏறிக்கொண்டிருந்தது.

"எங்க நாத்தனார்தான்," என்றாள். "வேற யாரு செய்வாங்க?"

அவளுடைய கணவரின் அக்காவைத்தான் சொன்னாள். பயணம் என்ற பேச்சை எடுத்த நாளிலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று அவர் போட்ட சத்தம் சாதாரணமானதல்ல. அடுத்த தெரு நாய்கள் குரைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டதாகச் சொல்வார்கள். முன்பின் தெரியாத ஊரில் முன்பின் தெரியாத மனுஷன் குழந்தையின் மண்டைக்குள் கத்தி வைப்பதா என்பது அவர் கட்சி.

ஜெராக்ஸ் அக்கா நிதானமாகக் கேட்டாள். கடிதம் எங்கெங்கே இருந்தது? கதை சுருக்கமானது. போன திங்கள் காலை அப்பா தனியாகப் போய் நோட்டரி ஆபீஸில் கையெழுத்துப் போட்டார். அம்மா அந்த நேரம் பட்டாணியோடு ஸ்கேன் எடுக்கிற இடத்தில் வரிசையில் இருந்தாள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் அவருடைய அக்கா வீடு. அப்பா அங்கே தங்கி, செவ்வாய் இரவு கப்பலேறினார். கடிதமும் அங்கேதான் இருந்தது. புதன் காலை அம்மா போய் எடுத்து, மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தாள். வெள்ளி சாயங்காலம் அவர் மொழிபெயர்ப்போடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து பீரோவில்.

"திங்கக்கிழம உன் வீட்டுக்காரர் நோட்டரி ஆபீஸ் காப்பிக்காக இங்கதான் வந்தாரு," என்றாள் அக்கா. "நான்தான் எடுத்துக் குடுத்தேன், கறுப்பு வெள்ளையில. அப்ப என் கையில இருந்தது ஒரிஜினல். கண்ணு மறந்தாலும் விரல் மறக்காது."

"அப்ப அதுக்கப்புறம் ரெண்டே எடம். அண்ணி வீடு, இல்லன்னா அந்த மொழிபெயர்ப்பாளர்."

"அவசரப்படாத. மொதல்ல மேல ஏறுவோம்," என்று அக்கா கடையின் ஷட்டரை இழுத்தாள்.

மாலை 4.35.

நோட்டரி ஆபீஸ் அதே கட்டடத்தின் மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. அந்தப் படிகளில் ஏறுகிறவர்கள் இரண்டாவது மாடியில் நின்று, போகிற போக்கில் உயிலும் எழுதிவிடலாமா என்று யோசிப்பது வழக்கம். ஆபீஸுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் குமாஸ்தா குடியிருந்தார். முப்பத்தொரு வருஷ சர்வீஸ். அவர் இதுவரை குத்திய பதிவு எண்களை ஒன்றன் பின் ஒன்றாக அடுக்கினால் நிலாவுக்குப் போய் டீ குடித்துவிட்டுத் திரும்பலாம்.

விஷயத்தைக் கேட்டதும் அவருக்குக் கோபம் வந்தது. இந்த ஆபீஸிலிருந்து போலி வெளியே போவதா என்று பொருமிக்கொண்டே பதிவேட்டைத் திறந்து காட்டினார். 4183, திங்கள், அப்பாவின் கையெழுத்து, கைரேகை, எல்லாம் இருந்தன. ஃபைலில் ஆபீஸ் காப்பியும் இருந்தது. அக்கா அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். கறுப்பு வெள்ளை, அவள் மெஷினில் எடுத்ததுதான். மேல் மூலை காலியாக இருந்தது.

"உங்க முறை என்னன்னு சொல்லுங்க சார். ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா," என்றாள்.

குமாஸ்தா ஒப்பித்தார். கட்சிக்காரர் கையெழுத்து. நோட்டரி கையெழுத்து. வட்ட முத்திரை. புடைப்பு முத்திரை. பிறகு தாளைக் கட்சிக்காரர் கையில் கொடுத்து ஆபீஸுக்கு ஒரு காப்பி எடுத்துவரச் சொல்வார்கள். காப்பி வந்தால்தான் அவர் தன் நம்பர் மெஷினை எடுப்பார்.

"ஏன் முன்னாடியே நம்பர் குத்தக்கூடாது?"

"குத்திட்டா யாரும்மா திரும்பி வருவா? மூணு மாடி ஏறணுமேன்னு அப்படியே ஓடிடுவாங்க. நம்பர் இல்லாத தாள் செல்லாது பாருங்க. அந்த நம்பர்தான் எனக்குப் பிடி."

"அன்னிக்கு இவர் போய் வர எவ்வளவு நேரமாச்சு?"

குமாஸ்தா அதற்குப் பதிவேட்டைப் பார்க்கவில்லை. நினைவிருந்தது. பதினொன்று இருபதுக்குப் போனவர் பதினொன்று ஐம்பதுக்குத்தான் வந்தார். நோட்டரி நீதிமன்றம் கிளம்ப அவசரப்பட்டுக்கொண்டிருந்ததால் எரிச்சலாக இருந்தது. கேட்டதற்கு, கீழே கடையில் ஒரே கூட்டம் என்றாராம்.

"கூட்டமா?" என்றாள் அக்கா.

"அப்படித்தான் சொன்னாரு. நானும் வாங்கின கையோட டப்புனு குத்திக் குடுத்துட்டேன்."

அக்கா வேறு எதுவும் கேட்கவில்லை. நோட்டரி ஊரில் இருக்கிறாரா என்று மட்டும் விசாரித்தாள். இரண்டு தெரு தள்ளி வீட்டில்தான் இருக்கிறார் என்றார் குமாஸ்தா. ஒருவேளை ஏழரை மணிக்கு ஆபீஸைத் திறக்க வேண்டியிருக்கும், அவரைத் தூங்கவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.

மாலை 5.20.

மொழிபெயர்ப்பாளரின் வீட்டில் ஆள் உட்கார இடமில்லை. அகராதிகள் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தன, அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். மேஜையில் ஒரு கலர் பிரின்டர். அதைப் பார்த்ததும் அம்மா அக்காவின் கையை அழுத்தினாள்.

அவர் கடிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். தன் வேலை எழுத்தோடுதான், தாளோடு இல்லை என்றார். புதன்கிழமை அந்த அம்மா கொடுத்தபோது எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது. வந்தவுடன் எந்தத் தாளையும் கணினியில் ஸ்கேன் செய்து வைப்பது அவர் பழக்கம். காட்டினார். முத்திரை, கையெழுத்து, எண், எல்லாம் அதேதான். ஆனால் ஸ்கேனில் அசலும் நகலும் ஒரே முகம்தானே.

"இந்தப் பிரின்டர்?" என்றாள் அம்மா. குரல் கறாராக இருந்தது.

அவர் ஒரு பக்கத்தை அச்சடித்துக் காட்டினார். வெளியே வந்த தாள் முழுக்க ரோஜா நிறத்தில் இருந்தது. நீல மையும் கறுப்பு மையும் தீர்ந்து நாலு மாதம் ஆகிறதாம். இதில் அடித்தால் கரடிகூடக் கல்யாணப் பெண் மாதிரி வரும் என்று வருத்தத்தோடு சொன்னார்.

வாசலில் அம்மா நின்றுவிட்டாள்.

"நான் சொன்னேன்ல. அண்ணிதான். நாளைக்கு ஏர்போர்ட்ல வெக்கப்பட்டுத் திரும்பி வரட்டும்னு மாத்தி வச்சிருக்காங்க."

"ஏன் மாத்தி வைக்கணும்? எடுத்துக் கிழிச்சுப் போட்டிருக்கலாமே," என்றாள் அக்கா.

"கிழிச்சா முன்னாடியே தெரிஞ்சிடும். இன்னொண்ணு எழுதி வாங்கிடுவோம்."

"கெட்டிக்காரிதான் நீ. இன்னும் ஒரு படி மேல யோசி. இன்னொண்ணு எழுதி வாங்கணும்னா யார்கிட்ட வாங்குவே?"

அம்மா அந்தக் கேள்வியைப் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் அடுத்த ஒரு மணி நேரம் அவளுக்கு வேறு மாதிரி கழிந்திருக்கும். ஆட்டோவில் அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். பட்டாணி அவள் மடியில் தூங்கிவிட்டாள்.

மாலை 6.15.

நாத்தனார் கதவைத் திறந்தார். துறைமுகத்துச் சங்கொலியையே தன் குரலால் அடக்கக்கூடியவர். குழந்தையைப் பார்த்ததும் அந்தக் குரலைத் தொண்டையிலேயே மடித்து வைத்துக்கொண்டார். தூங்குகிறவளை வாங்கிக் கட்டிலில் படுக்க வைத்து, மின்விசிறி வேகத்தைக் குறைத்துவிட்டு வந்தார்.

அம்மா நின்றுகொண்டே பேசினாள். அழவில்லை. அசலை எடுத்துத் தரும்படியும், திருப்பித் தந்துவிட்டால் யாரிடமும் சொல்லப்போவதில்லை என்றும் சொன்னாள். நாத்தனாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் கறுத்தது.

"ஏன்டி, நான் வேண்டாம்னு சொன்னவதான். இப்பவும் அதத்தான் சொல்றேன். அதுக்காகத் தாளத் திருடுவேனா?"

"இங்கதான் ரெண்டு நாள் இருந்துது அண்ணி."

"இருந்தது. அந்த டேபிள் மேல. அவன் வச்ச எடத்துல. தூசி தட்டக்கூட நான் தொடல."

"அவங்க எடுக்கல," என்றாள் ஜெராக்ஸ் அக்கா.

இருவரும் திரும்பினார்கள்.

"நீங்களும் உட்காருங்க. நீயும் உட்காரும்மா. நின்னுக்கிட்டுக் கேக்கற விஷயம் இல்ல."

அவள் போலித் தாளை மேஜைமேல் வைத்தாள். தண்ணீர் டம்ளரில் விரலை நனைத்தாள். அப்பாவின் கையெழுத்தின்மேல் தேய்த்தாள். கறுப்பு கலையவில்லை. பச்சைக் கையெழுத்து கலையவில்லை. ஊதா முத்திரை கலையவில்லை. பிறகு மேல் மூலைக்குப் போனாள். 4183இன் கடைசி 3 நீலமாக இழுபட்டு, அவள் விரலோடு வந்தது.

"எல்லாரும் இந்தத் தாள்ல எது பொய்னு பாக்கறோம். எல்லாந்தான் பொய். அதனால ஒண்ணும் தெரியாது. எது நிஜம்னு பாக்கணும். இந்த நம்பர் மட்டும் நிஜ மை. கலர் மெஷின் போட்டதில்ல, குமாஸ்தா கையால குத்தினது."

நாத்தனாருக்குத்தான் முதலில் பொறி தட்டியது. "அப்ப அந்தாளு குத்தும்போதே..."

"குத்தும்போதே அவர் மேஜையில இருந்தது போலித் தாள். அவர் பாக்கல. முப்பத்தொரு வருஷமா மூலையப் பாத்தே குத்திக்கிட்டு இருக்காரு. அதனால இந்த வீட்டுல எதுவும் நடக்கல. மொழிபெயர்ப்பாளர் வீட்டுலயும் நடக்கல. இங்க வரும்போதே இது போலிதான்." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "முத்திர போட்ட ஒரிஜினல் பதினொண்ணு இருபதுக்கு அந்த மேஜைய விட்டுப் போச்சு. போலி பதினொண்ணு அம்பதுக்கு வந்துச்சு. எனக்கு காப்பி எடுக்க ஒரு நிமிஷம் ஆகும். கீழ கூட்டம்னு சொல்லியிருக்காரு. அன்னிக்கு என் கடையில அவரத் தவிர ஈ காக்கா இல்ல. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ரெண்டு கலர் மெஷின் கடை இருக்கு. அந்த அரைமணி நேரமும் தாள் ஒரே ஆள் கையிலதான் இருந்தது."

அம்மா தாளைத் தன் பக்கம் இழுத்து அந்த எண்ணைப் பார்த்தாள்.

"அவரா?" என்றாள் அம்மா. "அவர்தானே கையெழுத்தே போட்டாரு. நல்லபடியா போயிட்டு வாங்கன்னு என் தலையத் தொட்டுச் சொல்லிட்டுக் கப்பலேறினாரு."

"அதான்மா. முகத்துக்கு நேரா மாட்டேன்னு சொல்லத் தெரியாத மனுஷன். நீங்க ஏர்போர்ட்ல நிப்பீங்க, அவங்க திருப்பி அனுப்புவாங்க, பழி ஆபீசர் மேல போகும். அவர் நடுக்கடல்ல இருப்பாரு. இன்னொரு கடிதம் யாராலயும் வாங்க முடியாது." நாத்தனார் பக்கம் திரும்பினாள். "அவர் போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஏதாவது குடுத்தாராக்கா? பிரிக்காதேன்னு சொல்லி?"

நாத்தனார் எழுந்து பீரோவைத் திறந்தார். புடவைக் கட்டுக்கு அடியிலிருந்து பழுப்பு நிறக் கவர் ஒன்று வந்தது. சுற்றிலும் டேப் ஒட்டியிருந்தது. வீட்டுப் பத்திரம், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிக் கொடுத்தானாம். தம்பி சொன்னால் அவருக்கு அது வேதம்.

அம்மா கையை நீட்டினாள். நாத்தனார் கொடுக்கவில்லை.

"மொதல்ல அவன் வாயால கேக்கணும்," என்று போனை எடுத்தார்.

மாலை 6.50.

கப்பல் ஏதோ ஒரு கரைக்கு வெளியே நங்கூரமிட்டிருந்ததால் அழைப்பு போயிற்று. நாத்தனார் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார்.

"நீ குடுத்த கவர் கையில இருக்குடா," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கடலின் அந்தப் பக்கத்திலிருந்து தம்பியின் குரல் அவசரமாக வந்தது.

"அக்கா, அதப் பிரிக்காதே."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது துப்பறிகிற விஷயம் அல்ல.

அவர் பேசினார். விட்டுவிட்டுப் பேசினார். மனைவியின் அண்ணன் அந்த நாட்டில் இருக்கிறான், வீடு இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது. போனவர்கள் ஏன் திரும்பப்போகிறார்கள்? போன தடவை ஏழு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தபோது பட்டாணி அவரைப் பார்த்துவிட்டு அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். கப்பலில் எஞ்சின் அறைச் சத்தத்தில் அவருக்கு அது மட்டும்தான் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. கிழிக்கத்தான் நினைத்தாராம். தன் கையெழுத்துக்குக் கீழே மகள் பெயரைப் பார்த்ததும் கை வரவில்லை. ஐந்து மாதத்தில் வந்து தானே கூட்டிப்போவதாகச் சொன்னார். அதுவரைக்கும் பொறுக்கச் சொன்னார்.

"அஞ்சு மாசத்துல கண்ணு இருக்காதுடா," என்றார் நாத்தனார்.

"அதெல்லாம் டாக்டருங்க பயமுறுத்தறது. நீயே வேண்டாம்னு தானேக்கா சொன்னே?"

"சொன்னேன். அவளப் பாக்கறப்பல்லாம் வலது கண்ண மூடிட்டு இடது கண்ணுக்கு முன்னாடி விரல் காட்டிப் பாப்பேன். போன மாசம் எத்தனன்னு எண்ணினா. இப்ப விரல் எங்கன்னு கேக்கறா. அந்தப் பயத்துலதான் கத்தினேன். ஆனா நான் ஊரே கேக்கற மாதிரி கத்தினேன்டா, எனக்குப் பதில் சொல்ல எல்லாருக்கும் எடம் இருந்தது. நீ சரின்னு சொல்லிட்டுப் போயிட்டே. உன்கூட யாரு சண்ட போடறது?"

அம்மா முதல்முறையாகப் போன் பக்கம் குனிந்தாள். ஏதோ சொல்ல வாய் திறந்தாள். அதற்குள் அழைப்பு அறுந்துவிட்டது. அலை அறுத்ததா, அவர் விரல் அறுத்ததா, தெரியாது.

நாத்தனார் தையல் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். டேப்பை நாலு பக்கமும் வெட்டினார். உள்ளிருந்து வந்த தாளை ஜெராக்ஸ் அக்கா வாங்கிப் பின்பக்கம் தடவினாள். வட்டமாகப் புடைத்திருந்தது. மேல் மூலையில் எண் இல்லை. வெறும் வெள்ளை.

"இதுதான்," என்றாள்.

இரவு 7.40.

நோட்டரி வீட்டுச் செருப்போடு வந்தார். அந்த மூன்று மாடியை ஞாயிற்றுக்கிழமை ஏறியதற்கே அவருக்குத் தனியாக ஒரு முத்திரை குத்தலாம். கதையைக் கேட்டார், இரண்டு தாளையும் பார்த்தார், குமாஸ்தாவைப் பார்த்தார். திட்டவில்லை. குமாஸ்தாவுக்கு அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

போலித் தாளுக்குக் குறுக்கே கோடு இழுத்து, செல்லாது என்று எழுதி, பதிவேட்டில் குறிப்புப் போட்டார் நோட்டரி. நம்பர் மெஷின் அதற்குள் 4231க்கு நகர்ந்துவிட்டிருந்தது. குமாஸ்தா ஒரு ஊசியால் அதன் சக்கரங்களை ஒவ்வொன்றாகப் பின்னால் தள்ளினார். 4183 வந்ததும் அசலை எடுத்து, முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் திருப்பித் தடவினார், வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார், மறுபடி முன்பக்கம் பார்த்தார். பிறகுதான் குத்தினார். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு எண்ணுக்கு அவர் எடுத்துக்கொண்ட மிக நீண்ட நேரம் அது. மொழிபெயர்ப்பில் வாசகம் எதுவும் மாறாததால் அதை அசலோடு சேர்த்து இணைத்தார்கள்.

கீழே இறங்கியதும் ஜெராக்ஸ் அக்கா கடையைத் திறந்து இரண்டு நகல் எடுத்துக் கொடுத்தாள். அம்மா எதற்காகக் கடைக்கு வந்தாளோ அந்த வேலை மூன்றரை மணி நேரம் கழித்து முடிந்தது.

"அவர் மேல புகார் குடுக்கப் போறியா?" என்று கேட்டாள் அக்கா.

"இப்ப எனக்குக் கண்ணு ஒண்ணுதான்க்கா நெனப்பு," என்றாள் அம்மா.

திங்கள், காலை 7.25.

விமான நிலையக் கவுன்ட்டரில் இருந்த அதிகாரி கடிதத்தைப் படித்தார். பின்பக்கம் தடவிப் பார்த்தார். எண்ணைப் பார்த்தார். எல்லாம் சரி என்பதுபோலத் தலையசைத்துவிட்டு, மேஜையிலிருந்த தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தார்.

"அப்பாவோட நம்பர் இதுல இருக்கு. ஒரு வார்த்த கேட்டுட்டு அனுப்பறேன். வழக்கமா செய்யறதுதான்."

அம்மாவுக்கு இது தெரியாது. யாரும் சொல்லவில்லை. காகிதத்தை மட்டும் தேடி ஓடிய ஞாயிற்றுக்கிழமை முழுவதும், ஒரு மனிதன் வாயைத் திறந்து ஒரு சொல் சொல்ல வேண்டியிருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வழியனுப்பப் பார்வையாளர் சீட்டு வாங்கி உள்ளே வந்திருந்த நாத்தனார் ஓரடி முன்னால் வந்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அப்படி நின்றது அதுவே முதல்முறை.

மணி போய்க்கொண்டே இருந்தது. அதிகாரி பேனாவை மூடினார், திறந்தார். யாரோ எடுத்தார்கள்.

அதிகாரி பெயர் கேட்டார். குழந்தையின் பிறந்த தேதி கேட்டார். பிறகு, உங்கள் முழு சம்மதத்தோடுதான் கூட்டிப்போகிறார்களா என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து, இணைப்பு இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி வைத்துக்கொண்டார்.

"ஹலோ? கேக்குதுங்களா?"

பட்டாணி கவுன்ட்டர் விளிம்பைப் பிடித்து எம்பி நின்று, தலையைச் சாய்த்து அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிங்க," என்றார் அதிகாரி. கடிதத்தின் இரண்டாவது பத்தியை விரலால் தேடி, எதையோ படித்துக் காட்டினார். இன்னொரு தடவை படித்தார், மெதுவாக. பிறகு ரிசீவரை வைத்துவிட்டு முத்திரையை எடுத்தார். மூன்று இடத்தில் குத்தினார்.

அம்மா கவுன்ட்டர்மேல் குனிந்தாள். "என்ன சொன்னாரு சார்?"

"சம்மதம்னாரு." அதிகாரி பாஸ்போர்ட்டுகளைத் தள்ளினார். "நீங்க திரும்பி வர்ற தேதி என்னன்னு கேட்டாரு. இதுல போட்டிருக்கறதப் படிச்சேன். இன்னொரு தடவ படிக்கச் சொன்னாரு."

அம்மா பாஸ்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டாள். நாத்தனார் குனிந்து பட்டாணியின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு, அதிசயமாக, ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்.

"அப்பாவா பேசினாரு?" என்றாள் பட்டாணி.

"ஆமா," என்றாள் அம்மா. "நாம வர்ற அன்னிக்கு நீயே அவருக்குப் போன் பண்ணிச் சொல்லணும். வா."